கூட வந்த பெரியவங்க

எங்களுடைய கேஸ் ஒரு நல்ல உதாரணம் என்று டாக்டர் புஷ்பலதா போனில் சொன்னார். அதனால்தான் கூப்பிடுகிறாராம்.

நான் கிடங்கில் இருந்தேன். ஏலக்காய் சல்லடையில் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய காய் ஒரு பக்கம், பொடிக்காய் ஒரு பக்கம். அந்தச் சத்தத்தில் முதலில் சரியாகக் காதில் விழவில்லை. வெளியே வந்து மறுபடி சொல்லச் சொன்னேன்.

"எங்க ஆஸ்பத்திரியில புதுசா சேந்திருக்கிற டாக்டர்களுக்கு ஒரு பயிற்சி வைக்கிறோம் அருண்பாண்டி. ஒருத்தர் இறந்துட்டா அவங்க குடும்பத்துக்கிட்ட எப்படிச் சொல்றது, எப்படி நடந்துக்கிறதுன்னு. நீங்களும் உங்க மாமாவும் வரணும். அன்னிக்கு நீங்கல்லாம் அவ்வளவு அமைதியா இருந்தீங்க. ஒரு கூச்சல் இல்ல. ஒரு கண்ணாடி உடையல."

"அன்னைக்கு எனக்குத் தெரியாது டாக்டர்."

"என்ன? சரியா கேக்கல."

"வர்றேன்" என்றேன்.

மகா என் மனைவி. போன வருடம் ஐப்பசியில் இறந்தாள். போடிமெட்டுக்கு மேலே குத்தகைக்கு எடுத்த சின்ன ஏலத்தோட்டம் ஒன்று எங்களுக்கு இருந்தது. காய் எடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று அவளே போய் மேலே தங்கினாள். காய்ச்சலோடு இறங்கி வந்தாள். மழைக் காய்ச்சல் என்று கடை மாத்திரை கொடுத்தார்கள். கேட்கவில்லை. தேனி போகிற சாலையில் இருக்கும் அந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உண்ணிக் காய்ச்சல் என்று கண்டுபிடித்தவர் டாக்டர் புஷ்பலதாதான். அதற்குள் சிறுநீரகம் போயிருந்தது. காய்ச்சலைப் பற்றி எனக்கு யார் மீதும் வருத்தமில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்கிறேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு பெஞ்சு. அதில் நானும் உக்கிரபாண்டி மாமாவும் உட்கார்ந்திருந்தோம். அவர் மகாவுக்குத் தாய்மாமன். மெட்டுக்கு ஜீப் ஓட்டுகிறவர். கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து, "கூட வந்த பெரியவங்க யாரு?" என்று கேட்டார். மாமா எழுந்து உள்ளே போனார். வெளியே வரும்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே வந்தார்.

"மதுரைக்குக் கொண்டு போகச் சொல்றாங்க மாப்ளே. அங்கதான் பெரிய மிசினு இருக்காம். நீ வண்டியில முன்னால டிரைவர்கூட உக்காரு. பின்னால எடம் பத்தாது. நான் ஏறிக்கிறேன்."

முன்னால் உட்கார்ந்தேன். நடுவில் இருந்த கண்ணாடிக்குத் திரை போட்டிருந்தது. வேகத்தடை வரும்போதெல்லாம் மெதுவாகப் போகச் சொன்னேன். அவளுக்கு உடம்பெல்லாம் வலி. தொட்டாலே முகம் சுளிப்பாள். "சரிண்ணே" என்றார் டிரைவர். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை ஊர விட்டுத்தான் ஏற்றினார்.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் கவனித்தேன். மலை எதிரே இருந்தது. மதுரைக்குப் போகிறவனுக்கு மலை முதுகுப் பக்கம் இருக்க வேண்டும்.

"போடிக்குல்ல போறோம்" என்றேன்.

"டீசல் போட்டுட்டுத் திரும்பிருவோம்ணே."

பங்க் வந்தது. போனது. எங்கள் தெருமுனையில் பந்தல்காரர் லோடு வண்டியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார். எங்கள் வண்டியைப் பார்த்ததும் கையில் இருந்த நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

பந்தல்காரருக்குத் தெரிந்திருந்தது. மாலை கட்டுகிறவருக்குத் தெரிந்திருந்தது. டிரைவருக்குத் தெரிந்துதான் வேகத்தடையில் மெதுவாகப் போனார். எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. வந்தவர்கள் எல்லாரும் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்தார்கள்.

எங்கள் பக்கத்தில் சாவை நேராகச் சொல்வதில்லை. திருப்பூரில் வேலை பார்க்கிற மகனுக்கு, அப்பாவுக்கு ஒடம்பு முடியல, கிளம்பி வா என்றுதான் போன் போகும். மெட்டுக்கு மேலே தோட்டத்தில் இருக்கிறவனுக்கு அதுவும் சொல்ல மாட்டார்கள். கீழே ஒரு சோலி இருக்கிறது என்று ஜீப்பில் ஏற்றிக் கூட்டி வருவார்கள். அந்த வேலைக்கு உக்கிரபாண்டி மாமாவைத்தான் தேடுவார்கள். அவரிடம் ஜீப்பும் இருக்கிறது, வாயும் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க ஆளைச் சிரிக்க வைத்தே இறக்கிவிடுவார். சிரித்த முகத்தோடு தெருமுனையில் இறங்குகிறவன் பந்தலைப் பார்ப்பான். அதற்குள் மாமா ஜீப்பைத் திருப்பியிருப்பார்.

பயிற்சி அன்று அவர் ஜீப்பைக் கழுவிக் கொண்டுவந்திருந்தார். வெள்ளைச் சட்டை. பையில் இரண்டு பேனா.

"பேனா எதுக்கு மாமா?"

"டாக்டருக்கெல்லாம் பாடம் எடுக்கப் போறோம்ல. பேனா இல்லாத வாத்தியார எவன் மதிப்பான்."

"ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு ஒனக்கு. நீயும் வாத்தியாருதான்."

சாலையில் எஸ்டேட் ஆள் ஏற்றிய ஜீப்புகள் எதிரே மலைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் மாமா கையை உயர்த்தினார்.

"மாப்ளே, அங்க போயி நீ ஒண்ணும் பேசாத. அந்தம்மா கேட்டா ஆமான்னு சொல்லு. வெரசா முடிச்சுட்டு வந்துருவோம். மத்தியானம் பிரியாணியாம்."

"நான் பேசத்தான் வர்றேன்."

"என்னத்தப் பேசப் போற?"

"தெரியல."

"தெரியலைன்னா வாய மூடிக்கிட்டு இருக்கணும். காலேசுல அம்புட்டு வருசம் என்னதான் படிச்ச?"

"பி.காம்."

"அதான பாத்தேன்."

ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் ஒரு கூடம். ஜன்னலில் மலை முழுதாகத் தெரிந்தது. மெட்டுப் பக்கம் மேகம் இறங்கியிருந்தது. இளம் டாக்டர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் தூக்கம் போதாத முகம். டாக்டர் புஷ்பலதா எங்களை வாசலிலேயே வந்து அழைத்துப் போனார். தலை முக்கால்வாசி நரைத்தவர். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, பேசும்போது அதைத் தேடுகிறவர்.

திரையில் பெரிய எழுத்தில் பாடம் ஓடியது. முதல் வரி: குடும்பத்தில் திடமான பெரியவர் ஒருவரை அடையாளம் கண்டு, தனியே அழைத்துச் சொல்லவும்.

அதை நான் இரண்டு தடவை படித்தேன்.

"அன்னிக்கு நடந்தத அப்படியே ஒரு தடவ நடிச்சுக் காட்டப் போறோம்" என்றார் டாக்டர். "டாக்டரா ஃபாயிசா பண்ணுவாங்க. கம்பத்துப் பொண்ணு. உங்க மாமா மாமாவாவே இருப்பார். உங்க பங்கு ரொம்ப சுலபம் அருண்பாண்டி. வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கணும்."

"அவ்வளவுதானா?"

"கடைசில கூப்பிடுறேன். வந்து ரெண்டு வார்த்தை சொல்லுங்க. உங்கள எவ்வளவு பக்குவமா கையாண்டாங்கன்னு."

வெளியே போய் உட்கார்ந்தேன். செருப்பை வாசலிலேயே விட்டிருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே எதிரெதிராக இரண்டு நாற்காலி போட்டார்கள். மாமா தொண்டையைச் செருமினார். யாரோ சிரித்தார்கள். பிறகு அந்தப் பெண்ணின் குரல்.

"கூட வந்த பெரியவங்க யாரு?"

நான் எழுந்து உள்ளே போனேன். மாமா வேட்டியைச் சரி செய்துகொண்டு உட்காரப் போனார். அவருக்கு முன்னால் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீ இப்ப வரக் கூடாது மாப்ளே" என்றார் மாமா. "கடைசிலதான் ஒனக்கு வசனம்."

ஃபாயிசா என்னைப் பார்த்தாள். சின்னப் பெண். தலைமுக்காட்டுக்கு மேலே கழுத்தில் ஸ்டெதஸ்கோப். "சார், நான் பெரியவங்ககிட்ட..."

"எங்கிட்டச் சொல்லுங்க. உள்ள இருக்கிறது என் பொண்டாட்டி."

அவள் டாக்டர் புஷ்பலதாவைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் சிரித்துக்கொண்டே, "பரவாயில்ல, இப்படியும் வருவாங்க. சமாளிங்க" என்றார்.

ஃபாயிசா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "உங்க மனைவிக்கு நிலைமை ரொம்ப மோசமா இருந்துச்சு சார்."

"இப்பப் பரவாயில்லையா?"

"நாங்க எங்களால ஆனதெல்லாம் பண்ணினோம்."

"தெரியும் டாக்டர். ராத்திரி பகலா பாத்தீங்க. இனிமே என்ன பண்ணணும்?"

பின் வரிசையில் இருந்து ஒருவன், "காப்பாத்த முடியலன்னு சொல்லு" என்று அடிக்குரலில் எடுத்துக் கொடுத்தான். பிரின்ஸ் என்று அட்டையில் பெயர் தொங்கியது.

"எங்களால... இங்க காப்பாத்த முடியல சார்."

"மதுரையில முடியுமா? வண்டி வச்சுக் கொண்டு போறோம்."

கூடத்தில் சிரிப்பு எழுந்து அடங்கியது. நான் கேலி செய்யவில்லை. அன்றைக்கு யாராவது என்னிடம் இப்படிச் சொல்லியிருந்தால் இதைத்தான் கேட்டிருப்பேன். ஃபாயிசாவுக்கு அது புரிந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

மாமா என் தோளில் கை வைத்தார். "எந்திரிப்பா. இது சும்மா நடிப்புதான."

"நடிப்புதானே. அப்பச் சொல்லட்டும்."

"என்னத்தச் சொல்லணும் ஒனக்கு?"

"நீங்க உள்ள போயி என்னத்தக் கேட்டீங்களோ அத."

கை தோளில் இருந்து இறங்கியது.

டாக்டர் புஷ்பலதா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "ஒரு நிமிஷம் நிறுத்துவோம். அருண்பாண்டி, உங்களுக்குக் கோபம் இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

"கோபம் இல்ல டாக்டர். எனக்கு யாரும் சொல்லல. அதத்தான் சொல்ல வந்தேன். ஆம்புலன்ஸ்ல முன்னால உக்காத்தி வச்சாங்க. தெருவுல நாற்காலி எறக்குறதப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன்."

டாக்டர் மாமாவைப் பார்த்தார். "வீட்டுக்குப் போறதுக்குள்ள பக்குவமா சொல்லிடறேன்னு சொன்னீங்களே."

"சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றார் மாமா. "எங்கிட்டுச் சொல்ல? அவன் முன்னால உக்காந்துக்கிட்டு, மெல்லப் போங்க, மெல்லப் போங்கன்னு டிரைவர்கிட்டச் சொல்லிக்கிட்டே வர்றான்."

 

"அந்த முதல் வரி நான் எழுதினதுதான்" என்றார் டாக்டர். குரல் மாறியிருந்தது. "ஏன் எழுதினேன்னு சொல்றேன். குரங்கணிப் பக்கத்துப் பையன் ஒருத்தன். அவன் தம்பி இறந்துட்டான்னு நேரா அவன்கிட்டச் சொன்னேன். திரும்பி ஜன்னல்ல தலைய மோதிக்கிட்டான். நான்தான் தையல் போட்டேன். அதுக்கப்புறம் யார் திடமா இருக்காங்களோ அவங்களத் தேடித்தான் சொல்றேன்."

"மோதிக்கட்டும் டாக்டர். அது அவன் தலை."

"ஜன்னல் நம்மளுது" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். இரண்டு பேர் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"ஜன்னல மாத்திக்கலாம்" என்றேன். "தம்பி செத்தவன் எப்படி அழணும்னு ஆஸ்பத்திரி முடிவு பண்ணக் கூடாது. நாங்க கத்துவோம், ஒடைப்போம்னு பயம் உங்களுக்கு. அந்தப் பயத்துக்கு ஒரு பாடம் எழுதி, அது எங்களுக்கு ஆறுதல்னு பேரு வச்சிருக்கீங்க. கண்ணாடி உடையலைன்னு எனக்குப் போன்ல சொன்னீங்க. ஏன் உடையலைன்னு ஒரு தடவகூட நீங்க கேக்கல."

நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி வெகுநாளாகியிருந்தது. 

"டாக்டரம்மா மேல தப்பு இல்ல" என்றார் மாமா. "நாந்தான் சொன்னேன், இவன்கிட்டச் சொல்ல வேணாம்னு. வழியில கதவத் தொறந்து குதிச்சுருவானோன்னு பயம்."

"குதிச்சிருக்க மாட்டேன் மாமா."

"இப்பச் சொல்லுவ. அன்னைக்கு நீ எப்படி இருந்திருப்பன்னு ஒனக்கு என்ன தெரியும்?"

"தெரியும். பின்னால அவகூட உக்காந்திருப்பேன்."

மாமா தோளில் கிடந்த துண்டைச் சரி செய்துகொண்டார்.  

"அந்த எடத்துல நீங்க உக்காந்தீங்க" என்றேன். "ஆஸ்பத்திரியில இருந்து வீடு வரைக்கும் அவ கையப் பிடிச்சுக்கிட்டு வந்திருப்பேன். வீட்டுக்கு வந்தப்புறம் அவளச் சுத்தி நூறு பேரு. குளிப்பாட்டவும் கோடி போடவும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தாங்க. எனக்குன்னு அந்த வண்டி மட்டும்தான் இருந்துச்சு."

யாரும் எங்களைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவரவர் மடியைப் பார்த்தார்கள்.

"மாமா, நீங்க வெளிய பெஞ்சுல இருங்க."

"நான் எதுக்குப்பா?"

"அப்புறம் வந்து சொல்றேன்."

கூட்டத்துக்கு முன்னால் என்னோடு வாதாட அவருக்கு மனம் வரவில்லை. போனார். பிரின்ஸ் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். யாரும் அவனிடம் சொல்லவில்லை.

டாக்டர் புஷ்பலதா ஃபாயிசாவிடம், "வேணாம்னா நீ எழுந்துக்கலாம்மா" என்றார்.

ஃபாயிசா எழுந்திருக்கவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டாள். கழுத்தில் இருந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவங்க பேரு என்ன?"

"மகா. மகாலட்சுமி."

"உங்க பேரு அருண்பாண்டி."

"ஆமா."

"அருண்பாண்டி, மகா இறந்துட்டாங்க."

அதோடு நிறுத்திக்கொண்டாள். ஆறுதலாக எதையும் சேர்க்கவில்லை. கண்ணை எடுக்கவும் இல்லை.

"சரி" என்றேன்.

அழுகை வரவில்லை. வந்தால் நன்றாக இருக்கும் என்று எல்லாரும் காத்திருப்பது போல இருந்தது. உள்ளங்காலில் தரை சில்லென்று இருப்பது தெரிந்தது. வந்ததிலிருந்து அதே தரையில்தான் கால் வைத்திருக்கிறேன். அப்போதுதான் தெரிந்தது.

"எப்ப?" என்று கேட்டேன்.

ஃபாயிசா உதட்டைக் கடித்தாள்.  அவள் மகாவைப் பார்த்ததே இல்லை.

நான் தலையைத் திருப்பினேன். "எப்ப டாக்டர்? நான் வெளிய இருந்தப்பவா?"

டாக்டர் புஷ்பலதா மற்றவர்களைப் பார்த்து, "எல்லாரும் போயி டீ சாப்பிட்டுட்டு வாங்க" என்றார்.

"இருக்கட்டும் டாக்டர். அவங்களும் கேக்கட்டும். இதுக்குத்தானே கூப்பிட்டீங்க."

 டாக்டர் முன்னால் வந்தார். ஃபாயிசா எழுந்து இடம் விட்டாள். அவர் எதிரே உட்கார்ந்தார். கண்ணாடி நெற்றிக்குப் போனது, மறுபடி கீழே வந்தது.

"நீங்க வாசல்லதான் இருந்தீங்க" என்றார். "விடியும்போது அவங்க முழிச்சிருந்தாங்க. மூச்சு ரொம்ப வாங்குச்சு. தொண்டையில ட்யூப் போடணும்னு முடிவு பண்ணினோம். போட்டா அப்புறம் பேச முடியாது. அத அவங்ககிட்டச் சொன்னேன்."

"பேசினாளா?"

"'அவரு எங்க'ன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வெளியதான் இருக்கார், வருவார்னு சொன்னேன்."

"அவ?"

"தலைய ஆட்டினாங்க."

"ஏன் என்னக் கூப்பிடல?"

 

"கூப்பிட்டிருக்கலாம்" என்றார். "அவசரம்தான். ஆனா உங்களக் கூப்பிட நேரம் இருந்துச்சு. சொந்தக்காரங்க உள்ள வந்தா அழுது கத்துவாங்க, கை ஓடாதுன்னு எங்களுக்கு ஒரு பழக்கம். அன்னிக்கு யோசிச்சுப் பாத்து வேணாம்னு நினைக்கல. பழக்கத்துல விட்டுட்டேன். ட்யூப் போட்ட கொஞ்ச நேரத்துல இதயம் நின்னுடுச்சு. ரொம்ப முயற்சி பண்ணினோம். திரும்பல."

"நான் கத்தியிருக்க மாட்டேன்."

"கத்தியிருந்தாலும் கூப்பிட்டிருக்கணும்."

இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்.

ஜன்னலுக்கு வெளியே மேகம் மலையை முக்கால்வாசி மறைத்திருந்தது. யாரோ ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்கள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"அந்த வரிய எடுத்துருங்க" என்றேன்.

"இன்னிக்கு எடுக்க மாட்டேன் அருண்பாண்டி." அவர் பணிந்து பேசவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. "மாசமா இருக்கிற பொண்ணு வருவா. நெஞ்சு வலிக்காரர் வருவார். ஒரு வரிய எடுத்துட்டு இன்னொண்ண வச்சா, அதையும் இந்தப் பிள்ளைங்க மந்திரம் மாதிரி ஒப்பிக்கும். யோசிக்கணும்."

"யோசிங்க. யார்கிட்டச் சொல்லணும்னு வேட்டி கட்டினவரா பாத்து நீங்க பொறுக்காதீங்க. சேக்கும்போதே நோயாளிகிட்டக் கேளுங்க. உங்களுக்கு ஏதாவதுன்னா யார்கிட்ட மொதல்ல சொல்லணும், யாரு உள்ள வரணும்னு. மகா நடந்துதான் வந்தா இந்த ஆஸ்பத்திரிக்கு. நல்லா நினைவு இருந்துச்சு. கேட்டிருந்தா சொல்லியிருப்பா."

"காய்ச்சல்னு வர்றவங்ககிட்ட அதக் கேட்டா பயந்துட மாட்டாங்களா?" என்று கேட்டான் பிரின்ஸ். நிஜமாகவே கேட்டான்.

"பயப்படுவாங்க. மகாவும் பயந்திருப்பா. பயந்துக்கிட்டே என் பேரச் சொல்லியிருப்பா."

ஃபாயிசா குனிந்து எதையோ குறித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ செய்வோம்" என்றேன். "இவங்க எல்லாரும் ஒவ்வொருத்தரா வந்து எங்கிட்டச் சொல்லணும். பழகினாத்தான் வரும்னு நீங்கதானே பயிற்சி வச்சிருக்கீங்க."

"அது உங்களுக்கு..."

"எனக்கு என்ன ஆகும்னு எங்கிட்டக் கேளுங்க டாக்டர். நீங்களா முடிவு பண்ணாதீங்க."

அவர் என்னைப் பார்த்தார். "உங்களால முடியுமா?" என்று கேட்டார்.

"முடியும். மாமாவப் பாத்துட்டு வந்துடறேன்."

பெஞ்சில் மாமா தனியாக உட்கார்ந்திருந்தார். முழங்கையை முட்டியில் ஊன்றி, கைகளைக் கோத்து, கதவைப் பார்த்தபடி. உள்ளே நடந்தது எதுவும் அவருக்குக் கேட்டிருக்காது. என்னைக் கண்டதும் எழப் போனவர், முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார்.

"என்னப்பா சொன்னாங்க?"

ஒண்ணுமில்ல மாமா, சாப்பிடப் போலாம் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். ஜீப்பில் ஏறியதும் வேறு ஏதாவது பேசியிருப்போம்.

பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மகா இறந்துட்டா மாமா."

அவர் என்னையே பார்த்தார். தெரிந்த செய்திதான். ஆனால் யாரும் அவர் முகத்துக்கு நேராக அப்படி ஒரு செய்தியைச் சொல்லி நான் பார்த்ததில்லை. ஊர் முழுக்கச் சாவுச் செய்தியைச் சிரிப்பில் சுற்றிக் கொண்டுபோய் இறக்கியவர். 

"விடியும்போது முழிச்சிருக்கா" என்றேன். "'அவரு எங்க'ன்னு கேட்டிருக்கா. வெளியதான் இருக்கார், வருவார்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. தலைய ஆட்டியிருக்கா. அதுக்கப்புறம் பேசல."

"இத எதுக்கு எங்கிட்டச் சொல்ற?"

"ஒங்க மருமகதானே மாமா."

தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் எடுக்கவில்லை.  நான் வேடிக்கை காட்டவும் இல்லை, தண்ணீர் குடிக்கச் சொல்லவும் இல்லை. அந்தப் பக்கமாக வந்த ஒரு நர்ஸ் நின்று பார்த்துவிட்டு, என்ன கேட்பது என்று தெரியாமல் போனார்.

துண்டுக்குள் இருந்து, "நான் உள்ள போனப்ப அவ கை சூடாத்தான் இருந்துச்சு மாப்ளே" என்றார். "வண்டியில வரும்போதும் நான் பிடிச்சுக்கிட்டேதான் வந்தேன். அத ஒங்கிட்டச் சொல்லணும்னு தோணல பாரு."

"இப்பச் சொல்லிட்டீங்க."

கதவு திறந்தது. பிரின்ஸ் நின்றான். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வந்திருந்தான். பையன் பயந்திருந்தான்.

"அண்ணே, அடுத்தது நான். வர்றீங்களா?"

"வர்றேன்."

மாமா துண்டை இறக்கினார். கண் சிவந்திருந்தது. "இன்னும் எத்தன பேரு இருக்கானுக உள்ள?"

"இருக்காங்க நெறைய."

"அம்புட்டுப் பேரும் சொல்றதக் கேப்பியா?"

"கேப்பேன்."

"அம்புட்டுத் தடவையும்?"

"ஆமா மாமா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வேணாம்னு நான் சொன்னா?"

"சொல்லுங்க. நான் உள்ளதான் போவேன்."

நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். பிரின்ஸ் எதிரே உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடையில் துடைத்துக்கொண்டான். அவனைப் பார்த்து நான் தலையை ஆட்டவில்லை. உதவி எதுவும் செய்யவில்லை. சொல்ல வேண்டியது அவன். காத்திருந்தேன்.